ஹாலோங் விரிகுடாவில் ஓர் இரவு: சொகுசுக் கப்பல் பயணத்துக்கு முழுமையான வழிகாட்டி

வியட்நாமில் ஹனோயிலிருந்து ஹாலோங் விரிகுடாவுக்குக் காலையில் கிளம்பி, சில மணி நேரம் படகில் சுற்றி, ஒரு குகையைப் பார்த்துவிட்டு இரவுச் சாப்பாட்டுக்கு ஊர் திரும்பிவிடலாம். விலையும் குறைவு. அப்படியிருக்க, பல மடங்கு பணம் கொடுத்துக் கப்பலில் இரவு தங்குவது எதற்கு? பகல் படகுகள் எல்லாம் மாலையில் கரைக்குத் திரும்பிவிடும். அதற்குப் பிறகு மறுநாள் காலை அவை வரும் வரைக்கும் அந்தக் கடலும் பாறைகளும் தங்குகிறவர்களுக்கு மட்டும்தான். நீங்கள் பணம் கொடுப்பது அந்தப் பதினைந்து பதினாறு மணி நேரத்துக்கு. இதை மனதில் வைத்துக்கொண்டு வழி, மாதம், அறை என்று ஒவ்வொன்றையும் தேர்ந்தெடுத்தால் ஏமாற மாட்டீர்கள். குளியல் தொட்டி படத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் ஏமாற வாய்ப்பு அதிகம். நான் முதல் முறை படத்தைப் பார்த்துத்தான் பதிவு செய்தேன், அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

முதலில் இடத்தைப் பற்றிக் கொஞ்சம்

ஹாலோங் இருப்பது வடகிழக்கு வியட்நாமின் குவாங் நின் மாகாணத்தில், டோங்கின் வளைகுடாவின் ஓரமாக. ஏறத்தாழ 1,553 சதுர கிலோமீட்டர் பரப்பில் 1,969 தீவுகள், பெரும்பாலும் சுண்ணாம்புப் பாறைகள். ஹாலோங் என்றால் இறங்கி வந்த டிராகன் என்று பொருள். எதிரிகள் கடல் வழியாக வந்தபோது வானத்திலிருந்து ஒரு தாய் டிராகன் குட்டிகளோடு இறங்கி ரத்தினங்களை உமிழ்ந்ததாகவும், அவை தீவுகளாகி எதிரிக் கப்பல்களை மறித்ததாகவும் கதை சொல்வார்கள். கடலடியில் கோடிக்கணக்கான ஆண்டுகள் சிப்பியும் சேறும் படிந்து இறுகிய சுண்ணாம்புப் பாறை மேலெழுந்து, மழைநீர் அதைக் கரைத்துக் கரைத்துக் கூம்புகளையும் தூண்களையும் மட்டும் விட்டுவைத்தது. பிறகு கடல் மட்டம் உயர்ந்து அந்தப் பள்ளத்தாக்குகளுக்குள் தண்ணீர் புகுந்தது. இதைத் தெரிந்துகொண்டு போனால் பார்வையே மாறும். தீவுகளுக்கு நடுவே கப்பல் போகும்போது, ஒரு காலத்தில் நிலமாக இருந்த பள்ளத்தாக்கின் மேல்தான் மிதந்து போகிறீர்கள்.

யுனெஸ்கோ 1994-ல் இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. 2000-ல் நிலவியல் மதிப்புக்காக மறுபடி அங்கீகரித்தது, 2023-ல் பக்கத்திலுள்ள காட் பா தீவுக்கூட்டத்தையும் சேர்த்துக்கொண்டது.

படி 1: கப்பலுக்கு முன்னால் வழியை முடிவு செய்யுங்கள்

எல்லோரும் செய்யும் தவறு, முதலில் கப்பலைப் பிடித்துவிட்டு அது எங்கே போகிறது என்று கடைசியில் பார்ப்பது. முக்கியமாக மூன்று வழிகள் இருக்கின்றன.

நடு ஹாலோங்: புகழ்பெற்ற இடங்கள் எல்லாம் இங்கேதான். சுங் சோட் குகை, டி டொப் தீவு, லுவோன் குகை மூன்றும் பக்கத்தில் பக்கத்தில். கூட்டமும் இங்கேதான். முதல் முறை போகிறீர்கள், பெரிய குகையைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் இது சரி.

பாய் து லோங்: வடகிழக்கே ஒதுங்கிய பகுதி. கப்பல்கள் குறைவு. தியென் கான் சோன் குகையும் வுங் வியெங் மிதக்கும் மீனவர் கிராமமும் இந்தப் பக்கம். குகைகள் சிறியவை, ஆனால் இங்கே இரவு உண்மையிலேயே இரவாக இருக்கும்.

லான் ஹா: தெற்கே, காட் பா தீவை ஒட்டி, ஹாய் ஃபோங் நகர நிர்வாகத்தின் கீழ் வருவது. தண்ணீர் தெளிவு, சின்னச் சின்ன மணல் திட்டுகள், கயாக் என்ற ஒடுக்கமான சிறு துடுப்புப் படகு ஓட்ட ஏற்ற இடம். இருட்டு-வெளிச்சக் குகை என்று அழைக்கப்படும் சாங் தோய் குகைக்குள் கயாக்கிலேயே நுழைந்து, மலைகள் சூழ்ந்த ஒரு குளத்துக்குள் வெளியே வரலாம். காட் பாவில் மட்டுமே வாழும் தங்கத் தலை லங்கூர் குரங்குகள் நூறுக்கும் குறைவாகத்தான் மிஞ்சியிருக்கின்றன. பார்க்கக் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

என்னைக் கேட்டால், பெரிய குகை கட்டாயமில்லை என்பவர்களுக்கு லான் ஹா அல்லது பாய் து லோங். எந்த வழியானாலும் கப்பல்கள் அனுமதிக்கப்பட்ட இடங்களில்தான் இரவில் நங்கூரம் போட வேண்டும், அதனால் கூட ஒன்றிரண்டு கப்பல்கள் நிற்கும். நடு ஹாலோங்கில் அது ஒரு சின்ன ஊர் மாதிரி விளக்குக் கூட்டமாகவே ஆகிவிடும். பதிவு செய்யும் முன் "இரவு எந்தப் பகுதியில் நங்கூரம் போடுவீர்கள்?" என்று எழுதிக் கேளுங்கள். தெளிவாகப் பதில் சொல்லாத நிறுவனத்தை விட்டுவிடுவது நல்லது.

படி 2: மாதம்

அக்டோபர், நவம்பர் மிகச் சிறப்பு. வானம் தெளிவு, வெயில் இதம். ஏப்ரல் பாதிக்கு மேல் மே வரையும் நன்றாக இருக்கும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை குளிர் இருக்கும். வெப்பமண்டல நாடுதானே என்று மெல்லிய சட்டையோடு போய் மேல்தளத்தில் நடுங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன், காற்று வீசும்போது 15 டிகிரியே நன்றாக உறைக்கும். பிப்ரவரி, மார்ச்சில் தூறலும் மூடுபனியும். சிலருக்கு அது ஏமாற்றம், எனக்கு அந்தப் பனியில் பாறைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாம்பல் நிறத்தில் கரைவது மிகவும் பிடிக்கும். ஆனால் நீலக் கடல் படம் வேண்டும் என்றால் அப்போது போகாதீர்கள்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை வெயில், மழை, புயல். இதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2024 செப்டம்பரில் யாகி புயல் நேராக இந்தக் கரையைத் தாக்கியபோது, கட்டி நிறுத்தியிருந்த சுற்றுலாப் படகுகளே பல மூழ்கின. 2025 ஜூலை 19 அன்று திடீர்ச் சூறைக்காற்றில் ஒரு பகல் சுற்றுலாப் படகு கவிழ்ந்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். வானிலை மோசமானால் அதிகாரிகள் கப்பல் கிளம்ப அனுமதி தர மாட்டார்கள், சில நேரம் அன்று காலையில்தான் தெரியவரும். அப்படி ரத்தானால் சண்டை போடாதீர்கள், அது உங்கள் உயிருக்காக எடுத்த முடிவு. இந்த மாதங்களில்தான் போக முடியும் என்றால் கப்பல் நாளுக்குப் பின்னால் ஹனோயில் இரண்டு நாள் கையிருப்பு வைத்துக்கொள்ளுங்கள், தேதியைத் தள்ளிப் போட வசதியாக இருக்கும்.

படி 3: கப்பலும் அறையும்

சொகுசு என்ற பெயரில் இரண்டு வகை விற்கிறார்கள். ஒன்று, பத்து இருபது அறைகள் கொண்ட மரக்கப்பல். இன்னொன்று நாற்பது அறைக்கு மேல் உள்ள இரும்புக் கப்பல், நீச்சல் குளம், மின்தூக்கி, ஸ்பா எல்லாம் இருக்கும். வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறீர்கள் என்றால் பெரிய கப்பல், மின்தூக்கி உண்டா என்று கேட்டுவிட்டு. அமைதி வேண்டும் என்றால் சிறியது. பெரிய கப்பலில் குகைக்கு ஐம்பது அறுபது பேராக வரிசையில் போக வேண்டியிருக்கும்.

நட்சத்திரக் கணக்கை நம்பிவிடாதீர்கள். ஐந்து நட்சத்திரம் என்று தாங்களே போட்டுக்கொள்பவர்கள் உண்டு. கப்பல் எந்த ஆண்டு கட்டப்பட்டது, கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது என்று கேளுங்கள். கடந்த மூன்று மாதத்தில் போனவர்கள் எடுத்த படங்களைப் பாருங்கள். ஒரே மாதிரிப் பெயருள்ள கப்பல்கள் நிறைய, அதனால் பதிவுச் சீட்டில் கப்பலின் முழுப் பெயரும் அறை வகையும் எழுத்தில் இருக்கட்டும்.

அறையில் நான் பார்ப்பது மூன்றே விஷயம். சொந்த பால்கனி உண்டா. ஜெனரேட்டர் எங்கே இருக்கிறது. அறை எந்தத் தளம். என் முதல் பயணத்தில் அறை அழகாகத்தான் இருந்தது, ஆனால் கீழ்த்தளத்தில் பின்பக்கம். இரவு முழுக்க ஜெனரேட்டரின் அதிர்வு கட்டில் வழியாகப் பல்லுக்குள் ஏறியது, பால்கனிக் கதவைத் திறந்தால் டீசல் வாடை. அமைதிக்காகக் கொடுத்த காசு முழுவதும் அங்கேயே போய்விட்டது. அதனால் இரண்டாம் தளம் அல்லது மேலே, கப்பலின் முன்பகுதியில் அறை கேளுங்கள். விலை ஒன்றாகவே இருந்தாலும் இடம் கேட்பவர்களுக்குத்தான் கிடைக்கும். குமட்டல் வருமோ என்ற பயம் பெரும்பாலும் தேவையில்லை, ஆயிரக்கணக்கான தீவுகள் அலையைத் தடுத்துவிடுவதால் உள்ளே கடல் குளம் மாதிரிதான் கிடக்கும்.

விலை மாதத்தையும் கப்பலையும் பொறுத்து நிறைய மாறும். ஓரளவு நல்ல கப்பலில் இருவர் தங்கும் அறையில் ஆளுக்கு 150 முதல் 250 டாலர் வரை எதிர்பார்க்கலாம், அதற்கு மேலேயும் உண்டு. தனியாகப் போனால் கணிசமாகக் கூடுதல் கட்ட வேண்டும்.

ஓர் இரவா இரண்டா? ஓர் இரவுப் பயணம் என்பது உண்மையில் 24 மணி நேரம் கூடக் கிடையாது, நண்பகலில் ஏறி மறுநாள் பதினொன்றுக்கு இறங்குவது. நேரம் இருந்தால் இரண்டு இரவு எடுங்கள். ஆனால் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: பல கப்பல்களில் நடு நாளில் பெரிய கப்பல் கரைக்குப் போய்ப் புதியவர்களை ஏற்றி வரும், உங்களை ஒரு சிறு படகில் வேறு பக்கம் கூட்டிப் போய் மாலையில் மறுபடி ஏற்றுவார்கள். அந்தப் படகுப் பகல் பெரும்பாலும் பயணத்தின் மிக நல்ல பகுதியாக அமையும், கூட்டம் போகாத இடங்களுக்குப் போகும். ஆனால் அறையில் படுத்து ஓய்வெடுக்கலாம் என்று நினைத்திருந்தால் அது நடக்காது.

படி 4: பதிவு செய்யும்போது எழுதி வாங்க வேண்டியவை

விலையில் ஹனோய் வண்டி சேர்ந்ததா, நுழைவுக் கட்டணம் சேர்ந்ததா, கயாக் சேர்ந்ததா, பானங்கள் என்ன கணக்கு. பானங்கள் பெரும்பாலும் தனி, விலையும் கரையைவிட நன்றாகவே கூடுதல். வானிலையால் ரத்தானால் முழுப் பணமும் திரும்புமா, பாதி வழியில் திருப்பப்பட்டால் என்ன செய்வார்கள் என்பதும் எழுத்தில் வேண்டும்.

சைவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கப்பல் உணவு என்றால் கடல் உணவுதான், மீன், இறால், கணவாய், சிப்பி என்று வந்துகொண்டே இருக்கும். சைவம் கிடைக்கும், ஆனால் "வெஜிடேரியன்" என்று மட்டும் சொன்னால் காய்கறியை மீன் சாஸ் ஊற்றி வதக்கித் தர வாய்ப்பு உண்டு. நுக் மாம் என்ற அந்த மீன் சாஸ் அவர்களுக்கு நமக்கு உப்பு மாதிரி. பதிவிலேயே "மீன் சாஸ், சிப்பி சாஸ், முட்டை எதுவும் வேண்டாம்" என்று பிரித்து எழுதுங்கள். "ஆன் சாய்" என்று ஒரு சொல் இருக்கிறது, பௌத்தர்கள் விரத நாளில் சாப்பிடும் சைவ உணவு. அதைச் சொன்னால் சமையல்காரருக்குச் சட்டென்று புரியும். ஏறியதும் மறுபடி ஒருமுறை சொல்லிவிடுங்கள்.

படி 5: விசா, பணம், பை

இந்தியர்களுக்கு விசா தேவை, மின்விசா எடுத்தால் போதும். 2023 ஆகஸ்ட் 15 முதல் 90 நாள் வரை செல்லும்படி தருகிறார்கள், ஒருமுறை நுழைய 25 டாலர், பலமுறை நுழைய 50 டாலர். அரசின் குடிவரவுத் தளத்திலேயே விண்ணப்பியுங்கள், அதே தோற்றத்தில் இடைத்தரகர்கள் நடத்தும் தளங்கள் அதிகமாகப் பறிப்பார்கள். பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் ஓர் எழுத்துக்கூட மாறாமல் இருக்க வேண்டும்.

கையில் வியட்நாம் நாணயமான டோங் கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள். 20,000 டோங் தாளும் 5,00,000 டோங் தாளும் இரண்டுமே நீல நிறம், அரை வெளிச்சத்தில் டிப்ஸ் கொடுக்கும்போது மாறிப்போகும். அதனால் பெரிய தாள்களைத் தனியாக வையுங்கள். 2,00,000 டோங் தாளின் பின்பக்கத்தைப் பாருங்கள், தண்ணீருக்கு மேல் ஊதுபத்திச் சட்டி மாதிரி நிற்கும் பாறை ஒன்று இருக்கும். அது இங்கேதான் இருக்கிறது.

பெரிய பெட்டியை ஹனோய் விடுதியிலேயே விட்டுவிடுங்கள், வைத்துக்கொள்வார்கள். ஒரு சிறு பையில் இரண்டு மாற்று உடை, வழுக்காத செருப்பு, தொப்பி, கொசு விரட்டி, மாத்திரைகள், ஒரு எஃகு தண்ணீர் புட்டி. புட்டி ஏன் என்றால், ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்கை 2019-ல் இந்த விரிகுடாவின் சுற்றுலாப் படகுகளில் தடை செய்தார்கள். பாஸ்போர்ட் அசல் கட்டாயம், இல்லாமல் ஏற விட மாட்டார்கள்.

படி 6: முதல் நாள்

காலை எட்டு, எட்டரைக்கு ஹனோய் பழைய நகரப் பகுதியில் வந்து ஏற்றிக்கொள்வார்கள். நெடுஞ்சாலை போட்ட பிறகு இப்போது பயணம் இரண்டரை மணி நேரம்தான். முடிந்தால் ஜன்னலோர இருக்கை பிடியுங்கள், கடைசிப் பகுதியில் பாக் டாங் ஆற்றின் மேல் பெரிய பாலம் ஒன்று வரும். 1288-ல் மங்கோலியக் கப்பற்படையை இந்த ஆற்றில்தான் வியட்நாம் தளபதி ட்ரான் ஹுங் டாவ் முறியடித்தார். ஆற்றின் அடியில் கூரான மரக்கழிகளை நட்டுவைத்து, தண்ணீர் வற்றும் நேரம் பார்த்து எதிரிக் கப்பல்களை அவற்றின் மேல் சிக்க வைத்தார். கடலின் ஏற்ற இறக்கத்தை இந்த மண் எவ்வளவு நன்றாகப் படித்து வைத்திருக்கிறது என்பது அங்கேயே புரிந்துவிடும். டோங்கின் வளைகுடாவில் நாளுக்கு ஒரே ஒரு ஏற்றம், ஒரே ஒரு வற்று, இரண்டுக்கும் நடுவே நீர்மட்டம் மூன்று நான்கு மீட்டர் வரை மாறும். நீங்கள் கயாக் ஓட்டும்போதும் இதுதான் நடத்திவைக்கும்.

துறை எது என்று முன்பே தெரிந்துகொள்ளுங்கள்: துவான் சாவ், ஹாலோங் பன்னாட்டுத் துறை, ஹோன் காய் என்று பல இருக்கின்றன. சொந்தமாக வண்டி பிடித்துப் போகிறவர்கள் தவறான துறையில் இறங்கித் தவிப்பது வழக்கம். பதினொன்றரைக்குள் அங்கே இருக்க வேண்டும். பாஸ்போர்ட்டை வாங்கிப் பதிவு செய்வார்கள், சிறு படகில் கப்பலுக்குக் கொண்டுபோவார்கள். ஏறியதும் பாதுகாப்புப் பேச்சு இருக்கும். தயவுசெய்து கைபேசியை வைத்துவிட்டுக் கேளுங்கள். உயிர்காப்பு அங்கி அறையில் எங்கே, வெளியேறும் வழி எது என்று கண்ணால் பார்த்துவிடுங்கள், குழந்தைகளுக்கு அளவான அங்கி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

மதியச் சாப்பாட்டின்போதே கப்பல் நகரும். சாப்பாட்டை வேகமாக முடித்துவிட்டு மேல்தளம் ஏறுங்கள், தீவுகளுக்கு நடுவே நுழையும் அந்த முதல் அரை மணியைச் சாப்பாட்டு மேசையில் தொலைத்துவிடக் கூடாது.

மாலை டி டொப் தீவு இருந்தால், நானூறுக்கு மேல் படிகள் ஏறினால் உச்சியிலிருந்து நடு விரிகுடா முழுவதும் தெரியும். பூமியைச் சுற்றி வந்த இரண்டாவது மனிதரான சோவியத் விண்வெளி வீரர் டிடோவ் 1962-ல் ஹோ சி மின்னோடு இங்கே வந்தார், அவர் பெயர்தான் தீவுக்கு. முழங்கால் வலி உள்ளவர்கள் கீழே கடற்கரையில் உட்கார்ந்தாலே போதும்.

அப்புறம் லுவோன் குகை. கயாக்கிலோ மூங்கில் படகிலோ போகலாம். கயாக் என்றால் முன்னால் எடை குறைந்தவர், பின்னால் வலுவானவர், அவர்தான் திசை திருப்புவார். உள்ளே நுழையும் வளைவின் உயரம் நீர்மட்டத்தைப் பொறுத்தது. நீர் வற்றியிருக்கும்போது பாறையை உற்றுப் பாருங்கள். தண்ணீர்க் கோட்டில் பாறை உள்பக்கமாகக் குடைந்து, இடுப்பு ஒடுங்கின மாதிரி இருக்கும், கடல் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் கரைத்த தடம் அது. அதன் கீழே சிப்பிகள் வரிசையாக ஒட்டிக்கொண்டிருக்கும், கையை வைத்தால் பிளேடு மாதிரி கிழிக்கும், துடுப்பால் மட்டும் தள்ளுங்கள். உள்ளே போனதும் நான்கு பக்கமும் செங்குத்தான பாறை, மேலே வட்டமாக வானம். துடுப்பைத் தூக்கி மடியில் வைத்துவிட்டுப் பேசாமல் இருங்கள். துடுப்பு நுனியிலிருந்து சொட்டும் தண்ணீரின் சத்தம் பாறையில் பட்டுத் திரும்பி வருவது கேட்கும்.

படி 7: இரவு

சமையல் வகுப்பு, கரோக்கே, கணவாய் தூண்டில் என்று நிகழ்ச்சிகள் போட்டிருப்பார்கள். எதுவும் கட்டாயமில்லை. கணவாய் பிடிப்பது வெறும் பொழுதுபோக்கு, மாட்டினால் சந்தோஷம். ஒன்பது மணிக்கு மேல் மேல்தளத்தின் இருட்டான மூலைக்குப் போய்விடுங்கள். நிலா இல்லாத நாளில் பாறைகள் தெரியாது, நட்சத்திரம் இல்லாத கறுப்பு இடங்களாகத்தான் தெரியும். கண் பழக ஒரு பத்து நிமிடம் ஆகும், அதுவரை கைபேசியைத் தொடாதீர்கள். சீக்கிரம் தூங்குங்கள், காலைதான் முக்கியம்.

படி 8: விடியல்

கப்பலில் ஆறேகாலுக்குத் தாய்ச்சி (மெதுவாகச் செய்யும் சீன உடற்பயிற்சி) என்று அறிவிப்பு இருக்கும். அதற்கும் அரை மணி முன்னால் எழுந்துவிடுங்கள். ஜூனில் ஐந்தேகாலுக்கே சூரியன் வந்துவிடும், குளிர்காலத்தில் ஆறரை ஆகும், முந்தின இரவே பார்த்து அலாரம் வையுங்கள். முதலில் வெளிச்சம் தண்ணீரில்தான் தெரியும், பாறைகளில் அல்ல. தண்ணீர் வெள்ளி நிறமாகி, பின்னால் இருக்கும் தீவுகள் வெளிறலாக, முன்னால் இருப்பவை கறுப்பாக, ஒன்றன்மேல் ஒன்று அடுக்கின மாதிரி நிற்கும். பருந்துகள் தாழப் பறந்து தண்ணீரைத் தொட்டுவிட்டுப் போகும். சிறு படகில் யாராவது வலை பார்க்கப் போனால் துடுப்பின் கிரீச் சத்தம் தூரத்திலிருந்தே கேட்கும். இந்த ஒரு மணி நேரம் பால்கனியில் காபியோடு உட்கார்ந்திருக்கத்தான் இவ்வளவு ஏற்பாடும்.

அதன் பிறகு ஏழரை வாக்கில் சுங் சோட் குகை. 1901-ல் பிரெஞ்சுக்காரர்கள் இதற்கு ஆச்சரியக் குகை என்று பெயர் வைத்தார்கள், முதல் அறை சின்னதாக இருந்து அடுத்தது சட்டென்று பிரமாண்டமாக விரிவதால் பெயர் பொருந்துகிறது. முதல் படகில் போய்விடுங்கள், பத்து நிமிடம் தாமதித்தால் நான்கு கப்பல் கூட்டத்தின் பின்னால் நிற்க வேண்டும். படிகள் நிறைய, சில இடங்களில் ஈரம்.

பாய் து லோங் போகிறவர்கள் குகைக்குப் பதில் வுங் வியெங் கிராமத்தில் மூங்கில் படகில் சுற்றுவார்கள். மிதக்கும் கிராமங்களில் வாழ்ந்த குடும்பங்களில் பலவற்றை அரசு 2014 வாக்கில் கரையில் குடியேற்றிவிட்டது, இப்போது பலர் வேலைக்கு மட்டும் கடலுக்கு வருகிறார்கள். படகு தள்ளுபவருக்குக் கையில் நேராக டிப்ஸ் கொடுங்கள், நாற்பது நிமிடம் நின்றபடியே துடுப்பு வலிப்பது லேசான வேலை இல்லை.

படி 9: இறங்குவது

ஒன்பதரைக்கு அறையைக் காலி செய்யச் சொல்வார்கள், பத்து மணிக்குச் சாப்பாடு, பதினொன்று, பதினொன்றரைக்குக் கரை. பானங்களின் பில்லை முந்தின இரவே வாங்கிப் பார்த்துவிடுங்கள், காலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் வரிசையில் நிற்கும்போது தப்புக் கணக்கைத் திருத்த நேரம் இருக்காது. பாஸ்போர்ட் திரும்பக் கையில் வந்ததா என்று படகில் ஏறும் முன் பாருங்கள்.

ஹனோய் திரும்ப மதியம் இரண்டரை, மூன்று ஆகும். நொய் பாய் விமான நிலையம் நகரத்துக்கு வெளியே இருக்கிறது, வழியில் நெரிசல் வேறு. அன்றே விமானம் என்றால் இரவு எட்டு மணிக்குப் பிறகு உள்ளதை மட்டும் எடுங்கள். புயல் மாதம் என்றால் அன்று விமானமே போட வேண்டாம், மறுநாள் போடுங்கள்.